கடைசிக் கோப்பை

எங்கள் வீட்டு டிவி அவ்வளவு பெரியதில்லை, மேடம். உங்கள் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்ததால் அப்படித் தெரிகிறது. படுக்கவைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், திரை போய்விடும்.

என் அப்பா மொரீஸ் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். அந்தப் பென்ஷனில்தான் நானும் அவரும் காரைக்காலில் இருந்தோம். அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அக்கா சப்ரினாவுக்குப் பிரான்சில், லியோன் நகரத்தில் வேலை. அதனால் பார்த்துக்கொள்ள நான். நன்றாகவே பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டுவேன், கஞ்சி ஊட்டுவேன், நகம் வெட்டிவிடுவேன். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் எதுவும் முடிவதே இல்லை. இன்றைக்குத் துவைத்த விரிப்பு நாளைக்கு மறுபடி நனையும். வீடியோ கேமில் அப்படியில்லை. ஒரு காரியத்தை முடித்தால் டிங் என்று ஒரு சத்தம், திரையின் மூலையில் ஒரு கோப்பை. வெண்கலம், வெள்ளி, தங்கம். எல்லாம் சேர்ந்தால் பிளாட்டினம். எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கிறது என்றும் கீழே போட்டிருக்கும். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இல்லை என்று பார்க்கும்போது உடம்பு லேசாகிவிடும். 'செய்துவிட்டாய்' என்று எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். பிடிக்காத விளையாட்டையெல்லாம் கோப்பைக்காக விளையாடியிருக்கிறேன். ஒரு தீவு முழுக்க இறகு பொறுக்கினேன். கடைசி இறகு பாறைக்குள் மாட்டிக்கொண்டு கைக்கு எட்டவில்லை. நிரலில் ஏதோ பிழை. முதலிலிருந்து பொறுக்கினேன். அன்றைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு தாமதமானது உண்மைதான். ஆறிப்போன கஞ்சியை அவர் அப்படியே குடித்தார்.

அக்காவோடு இணையத்தில் விளையாடியது மலையேறும் விளையாட்டு. ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு பேர் பனிமலை ஏற வேண்டும். அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒருவர்கூட விழாமல் போனால் கடைசிக் கோப்பை. அக்காவுக்குக் கோப்பையில் ஆசை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்றுதான் வந்தாள். அவள் விழுந்துகொண்டே இருந்தாள். நான் ஒரு நாளும் அவளைத் திட்டியதில்லை. அப்புறம் ஒரு நாள் அந்த விளையாட்டை நடத்தும் நிறுவனம் சர்வரை மூடப்போவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பை யாருக்கும் கிடைக்காது. என் பெயருக்கு எதிரில் ஓர் இடம் எப்போதைக்கும் காலியாகவே இருந்துவிடும்.

மூடும் நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். காலையிலிருந்து மழை. காரைக்கால்மேட்டுப் பக்கம் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துவிட்டது என்றார்கள். மெஷின் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு டிவியையும் கேம் பெட்டியையும் சேர்த்துப் போட்டால் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும். ஏதாவது ஒன்றுதான் ஓடும். அக்காவுக்கு மதியத்துக்கு மேல் டியூட்டி. மாலையில் சர்வர் இருக்காது.

யோசித்துத்தான் செய்தேன். பாத்ரூம் போகும்போது அப்பா மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டுத்தானே போகிறார்? சாய்ந்து உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும் என்று டாக்டரும் ஒரு முறை சொல்லியிருக்கிறார். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் உண்டு, ஆனால் அது காலி. நிரப்பித் தரச் சொல்லிப் போன் போட வேண்டியவன் நான். அந்த வாரம் முழுக்க விளையாட்டுப் பயிற்சியில் இருந்ததால் மறந்துபோனது.

அப்பாவின் முதுகுக்கு மூன்று தலையணை வைத்தேன். இன்வெர்ட்டரில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, கரண்ட் வரும்வரை அசையாமல் இருங்கள் என்று சொல்லி மெஷின் ஒயரைப் பிடுங்கினேன்.

அவர் மேலே பார்த்தார். “ஃபேன் ஓடுதே தம்பி?”

“அதுவும் நின்னுடும் பப்பா,” என்று சொல்லி ஃபேனை நிறுத்தினேன்.

பிறகு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். மழைச் சத்தம் அக்காவுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பதற்காக.

அன்றைக்கு அவள் பிரமாதமாக ஏறினாள், மேடம். ஒரு கால்கூட வழுக்கவில்லை. பாதி மலையில் கூடாரம் போட்டபோது பப்பா எப்படி இருக்காங்க என்று கேட்டாள். தூங்குறாங்க என்றேன். உச்சியில் கொடி நட்டதும் அந்த டிங் சத்தம் கேட்டது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில். அக்கா அங்கே அழுதுவிட்டாள்.

“பப்பாகிட்ட போனக் கொண்டுபோடா. நாங்க ஜெயிச்சிட்டோம்னு நானே சொல்றேன்.”

அப்போதுதான் எழுந்து போனேன். அப்பா தலையணையிலிருந்து சரிந்து சுவர்ப் பக்கமாகக் கிடந்தார். போனில் வீடியோவை அணைத்துவிட்டுத்தான் அக்காவிடம் சொன்னேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னேன். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

அடக்கத்துக்கு வந்தவளிடம் பக்கத்து வீட்டு சுஹைனா அக்கா ஏதோ சொல்லியிருக்கிறார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் போடக் கொல்லைப்பக்கம் வந்தார்களாம், அப்போது எங்கள் வீட்டுச் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டதாம். கரண்ட் எப்போது வந்தது என்று சப்ரினா திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். அதன் பிறகு என்னிடம் அவள் பேசவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

சுஹைனா அக்கா பொய் சொல்கிறவர்கள் இல்லை. நாங்கள் கூடாரத்திலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கரண்ட் வந்துவிட்டது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமியது எனக்குக் கேட்டது. எழுந்துபோய் ஒயரைச் செருகியிருக்கலாம். அதற்குள் கயிற்றின் மறுமுனையில் அக்கா விழுந்திருப்பாள். இணையத்தில் விளையாடும்போது நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. உச்சி கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

தட்டுகிற சத்தம் எனக்கும் கேட்டது. முதலில் வேகமாக இருந்தது, பிறகு விட்டு விட்டு. ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டேன்.

அப்பா என்னைக் கூப்பிட்டிருந்தால் போட்டது போட்டபடி எழுந்து ஓடியிருப்பேன், மேடம். அவர் கூப்பிடவில்லை. சுவரைத்தான் தட்டினார்.