கொக்கட்டிச்சோலை பார்க்க வந்த கொழும்பு அம்மா

அன்னப்பூரணி: மெதுவா ஓட்டுங்க தம்பி... கொழும்பில இருந்து ஊர் பார்க்க வந்த மனிசி நான். விழுந்து சாக வரல்ல.

சிவதர்ஷன்: கோயிலடியில அத்தன ஓட்டோ நிண்டுது. எல்லாத்தையும் தாண்டி, கடைசியில நிண்ட எண்ட ஓட்டோவத் தேடி வந்து ஏறினீங்க... கவனமாக் கொண்டு போகாம இருப்பனா அம்மா?

அன்னப்பூரணி: அது... நிழலுக்குள்ள நிண்டுது, ஏறினன். சரி, ஊரப் பத்திச் சொல்லுங்க.

சிவதர்ஷன்: கொக்கட்டிச்சோலை எண்டா முதல்ல தான்தோன்றீஸ்வரர். அங்க கல்நந்தி கண்டீங்கதானே? போத்துக்கீசத் துரை ஒருத்தன், “உங்கட மாடு புல்லுத் தின்னுமோ” எண்டு நக்கலடிச்சானாம். உடனே நந்தி எழும்பி...

அன்னப்பூரணி: புல்லத் திண்டு சாணியும் போட்டுது. தெரிஞ்ச கததானே!

சிவதர்ஷன்: கொழும்பு வரைக்கும் தெரியுமோ?

அன்னப்பூரணி: ...புத்தகத்தில படிச்சன். அங்கால?

சிவதர்ஷன்: தாந்தாமலை. முருகன் கோயில், பழங்காலத்து இடிபாடு... அங்கதான் போறம்.

அன்னப்பூரணி: மல எங்கயும் ஓடாது. இந்த வட்டை ஆருட?

சிவதர்ஷன்: வட்டையோ? கொழும்பிலயும் வயலுக்கு அப்பிடித்தான் சொல்லுவாங்களோ?

அன்னப்பூரணி: கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க!

சிவதர்ஷன்: அந்த மருத மரத்துக்கு அங்கால எங்கட. விதைப்புக்கும் வெட்டுக்கும் வயல், மத்த நாளில ஓட்டோ.

அன்னப்பூரணி: குடிக்கிறீங்களோ?

சிவதர்ஷன்: அம்மா... இதுவும் பழைய இடம் பார்க்கிறதில சேர்த்தியோ?

அன்னப்பூரணி: ஓட்டுறவன் குடிச்சா ஏறினவளுக்குத்தானே ஆபத்து!

சிவதர்ஷன்: தேத்தண்ணி மட்டுந்தான். அடுத்தது, கோவம் வருமோ எண்டு கேப்பீங்க...

அன்னப்பூரணி: வருமோ?

சிவதர்ஷன்: வந்திருந்தா இவ்வளவு கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு ஓட்டுவனா?

அன்னப்பூரணி: ...நிப்பாட்டுங்க தம்பி. மல வேணாம், திருப்புங்க.

சிவதர்ஷன்: என்னம்மா, பிழையாச் சொல்லிற்றனோ?

அன்னப்பூரணி: இல்ல மனே... பொய் சொன்னது நான்தான். நான் கொழும்பு இல்ல, இங்க பக்கத்தில நாவற்குடா. தரகர் எண்ட மகளுக்கு உங்களப் பேசி வந்தவர். போட்டோவ மட்டும் நம்பிப் புள்ளையக் குடுக்க மனம் வரல்ல... மகளிட்ட மாமாங்கக் கோயிலுக்கெண்டு சொல்லிற்று இங்க வந்தன். குறை நினைக்காதீங்க. எனக்குப் புடிச்சிரிக்கு. இனித் தனுஷாவச் சம்மதிக்க வைக்கிறதுதான் பாடு... முன்னப் பின்னத் தெரியாத பொடியன் எண்டு முரண்டு புடிப்பாள்.

சிவதர்ஷன்: புடிக்க மாட்டா மாமி... நீங்க பஸ் ஏறின உடனேயே போன் எடுத்து, “அம்மா மாமாங்கத்துக்குப் போகல்ல, உங்களத்தான் பார்க்க வாறா” எண்டு சொன்னவ. அந்தத் தரகர உங்கட வீட்டுக்கு அனுப்பினதே நாங்க ரெண்டு பேருந்தான்.