தண்ணீர் கலக்காதது

பழைய கார் என்றாலும் புதிய கார் என்றாலும், அன்ரிஃபிறீஸ் ஊற்றும்போது பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்க வேண்டும். கனடாவுக்கு வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. வோபர்னில் நான் வேலை செய்கிற கராஜில் சொல்லித் தரும்வரை எனக்கும் தெரியாது. எஞ்சினுக்குள் ஓடுகிற தண்ணீர் குளிரில் உறையாமல் இருக்கத்தான் அந்தப் பச்சைத் திரவம். ஆனால் அதைத் தனியே ஊற்றினால், தண்ணீர் கலந்ததை விட அது சீக்கிரம் உறைந்துபோகும். நம்பக் கஷ்டமான விஷயம்தான்.

நான் நடந்துகொண்டே சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். கொஞ்ச நாளாக என்னால் கதிரையில் இருக்க முடிவதில்லை. மொழிபெயர்க்க வந்த தங்கச்சிக்குத் தொந்தரவு இல்லை என்றால், அந்த ஜன்னல் திரையையும் சற்று விலக்கிவிடலாம்.

என் பெயர் கிறிஸ்துநாயகம். ஊர் மன்னார். டோர்செட் பார்க்கில் நவரட்ணம் அண்ணையின் அப்பார்ட்மென்றில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அவருக்கும் மனைவி ஜெயமலருக்கும் பிள்ளைகள் இல்லை. ஜெயமலர் மூன்று பேருக்குச் சமைப்பாள். வெள்ளிக்கிழமை அவர்களுக்குச் சைவம் என்றால் வேதக்காரனான எனக்கும் சைவம். வருகிறவர்களிடம் என்னை வாடகைக்கு இருப்பவர் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ‘எங்கடை அண்ணை’ என்றுதான் சொல்வாள். எனக்குத் தப்பான எண்ணம் எதுவும் இருந்ததில்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது தாளித்த வாசம் வரும், உள்ளேயிருந்து அவள் குரல் வரும். எனக்கு அது போதும். அது இல்லாமல் இருக்கவும் முடியாது.

போன மார்கழியில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நவரட்ணம் அண்ணை தங்கள் இருவருக்கும் வடக்கே, குளிர் கூடின சட்பரியில் ஒரு மோட்டல் பார்க்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். வீடும் தருகிறார்களாம். என்னை வேறு இடம் பார்க்கச் சொன்னார், அவசரமில்லை என்றும் சொன்னார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். ஜெயமலர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குப் போக விருப்பமில்லை என்று எனக்கு விளங்கியது. அவள் சொல்லவில்லை. எனக்கு அவள் சொல்லத் தேவையில்லை.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. கொரிடோரில் இந்த நுனிக்கும் அந்த நுனிக்குமாக நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு ஏதாவது சுகமில்லையா என்றுகூடக் கேட்டார். நெஞ்சுக்குள் ஒரு மோட்டார் நிற்காமல் ஓடுகிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? ஜெயமலர் தனித்துப்போனால் அவளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், எங்கேயும் போகாமல் இங்கேயே இருப்பாள் என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் கண் மூடியது.

இரண்டு ஜாம் போத்தல்களைப் பல்கனியில் வைத்தேன். ஒன்றில் தண்ணீர் கலந்த அன்ரிஃபிறீஸ், மற்றதில் கலக்காதது. விடியப் பார்த்தால் கலந்தது தண்ணீர்போல அசைந்தது, கலக்காதது கூழாகிக் கிடந்தது. ஜெயமலர் கண்டு, “அண்ணை, என்ன உது?” என்றாள். வேலை விஷயம் என்றேன். யாராவது தவறுதலாகக் குடித்துவிடக் கூடாது என்று உடனே எடுத்துக் கவனமாக அப்புறப்படுத்தினேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

நவரட்ணம் அண்ணையின் கார் பழையது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் நான்தான் அன்ரிஃபிறீஸ் மாற்றிக் கொடுப்பேன். போன வருடங்களில் அவர் கீழே வருவதற்கு முன்பே கலந்து வைத்துவிடுவேன். இந்தமுறை அவர் வரும்வரை காத்திருந்து, அவருடைய கண்ணுக்கு முன்னால் தண்ணீர்க் கானைத் திறந்தேன்.

அவருடைய தகப்பன் ஊரில் எண்ணெய்க்கடை வைத்திருந்தவர். கலப்படம் என்றால் அண்ணைக்கு ஆகாது. பாலில் தண்ணீர், நல்லெண்ணெயில் தேங்காயெண்ணெய், தேனில் சீனிப்பாகு என்று எந்தக் கடைக்குப் போனாலும் முகர்ந்து, நக்கிப் பார்த்து, சண்டை பிடித்துவிட்டுத்தான் வருவார். நான் எதிர்பார்த்ததுபோலவே நடந்தது.

“என்ன நாயகம், பால்காரன் மாதிரித் தண்ணி கலக்கிறீர்? நான் போறது சட்பரிக்கு. சுத்தமானதை ஊத்தும்.”

கானை மூடி வைத்துவிட்டு, சுத்தமானதை ஊற்றினேன். அவர் கேட்டதைத்தான் கொடுத்தேன். அவர் என் தோளில் தட்டினார். டிக்கிக்குள் எப்போதும் ஒரு கம்பளிப் போர்வை கிடக்கும். அதைக் கழுவ வேண்டும் என்று மேலே கொண்டுபோனேன். கழுவியும் வைத்தேன்.

எங்கள் நிலக்கீழ் பார்க்கிங் சூடானது. அங்கே கார் ஒரு குறையுமில்லாமல் ஸ்ராட் ஆகும். ஹைவேயில் நெடுநேரம் குளிர்காற்று அடிக்கும்போதுதான் முன்னாலிருக்கும் றேடியேற்றருக்குள் கூழ் கட்டும். அது அடைபட்டால் எஞ்சின் கொதித்து நின்றுவிடும். எஞ்சின் நின்றால் ஹீற்றரும் நிற்கும். அந்தத் தை மாதம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். வடக்கே மைனஸ் முப்பது என்று ரேடியோவில் சொன்னார்கள்.

சனிக்கிழமை அவர் தனியாகப் போய் வீட்டைப் பார்த்து வருவதாகத்தான் ஏற்பாடு. வழியனுப்ப நானும் கீழே போனேன். அவருக்குப் பின்னால் ஜெயமலர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். குசினி எப்படி, அடுப்பு எப்படி என்று தானும் பார்க்க வேண்டுமாம். முகம் முழுக்கச் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

“சோறும் மீன்குழம்பும் பிரிஜ்ஜுக்குள்ள இருக்கு அண்ணை. சூடாக்கிச் சாப்பிடுங்கோ.”

அன்றைக்குப் பின்னேரம் சூடாக்கிச் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது. சட்டியைக் கழுவி வைத்துவிட்டுத் தொலைபேசிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன்.

வழியில் பரி சவுண்ட் என்ற ஊரைத் தாண்டி, ஆளில்லாத இடத்தில் கார் நின்றிருக்கிறது. அண்ணை டிக்கிக்குள் போர்வையைத் தேடியிருக்கிறார். பிறகு தன்னுடைய கோட்டையும் அவளுக்குப் போர்த்திவிட்டு உதவி தேடி நடந்திருக்கிறார். ஒரு லொறிக்காரர் அவரைக் கண்டு ஏற்றினார். அவருக்குக் குளிரில் சில விரல்கள் போய்விட்டன. அவர்கள் காரடிக்குத் திரும்பிப் போகும்போது ஜெயமலருக்கு உயிர் இல்லை.

பொலிஸில் நீங்கள் இதை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் செத்தவீட்டில் அவர் கட்டுப்போட்ட கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, “நீர் கலக்கத்தான் பாத்தனீர் நாயகம். நான்தான் விடேல்லை. நான்தான் அவளைக் கொன்றுபோட்டன்” என்று அழுதார். இப்போதும் வருகிறவர்கள் எல்லோரிடமும் அதையே சொல்கிறார். என்னை வீட்டை விட்டுப் போக வேண்டாம் என்கிறார். இரவில் இரண்டு பேரும் கடையில் வாங்கின பாணைச் சாப்பிடுகிறோம். அந்த வீட்டில் இப்போது தாளித்த வாசம் இல்லை. அவளுடைய சாவை அவர் தன்னுடையது என்று சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அது என்னுடையது. அன்ரிஃபிறீஸ் ஊற்றியது நான், போர்வையை எடுத்தது நான், அவர் வழியில் விறைத்துச் சாக வேண்டும் என்றுதான் செய்தேன்.

அவள் ஏறும்போது ஏன் மறிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நேரம் இருந்தது. பார்க்கிங் கதவு மெதுவாகத்தான் மேலே போகும். ‘பிள்ளை, இறங்கு’ என்று சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று கேட்டிருப்பாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். பிறகு ஒருநாளும் என்னை அண்ணை என்று கூப்பிட்டிருக்க மாட்டாள்.

அதனால் அவளுடைய கோட்டு நுனி அகப்படாமல் உள்ளே எடுத்துவிட்டு, கார்க் கதவைச் சாத்தினேன். கடைசிவரை அவள் என்னைப் பற்றித் தவறாக ஒன்றும் நினைக்கவில்லை. அந்த வேதனை அவளுக்கு வராமல் நான் பார்த்துக்கொண்டேன்.