பின்விளக்கில் நான் வைத்த பரீட்சை

"பலகையில என் பேரையும் எழுதுங்கப்பா" என்று கேட்டேன். அவ்வளவுதான். கிட்னியைக் கேட்கவில்லை. பலகையில் பேரை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடாதே என்று அம்மா பல தடவை சொல்லியிருந்தாள்.

எங்கள் கார் பட்டறை வாசலில் பெயிண்டர் ஏணி மேல் நின்று பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். அப்பா சிரித்தார். "கல்யாணமாகிப் போற பொண்ணு. அப்புறம் யாரு ஏணி போட்டு அழிக்கிறது?" பெயிண்டரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். எனக்குக் கோபமெல்லாம் வருவதில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மின்பொறியியல். பட்டத்தைச் சட்டம் போட்டு பேட்டரி சார்ஜருக்கு மேலே மாட்டியிருக்கிறார் அப்பா. பட்டம் பட்டறையில், நான் போன் எடுக்கும் மேசையில்.

டெய்லர் அக்காவின் கார் என்னைவிட மூத்தது. அவர் மருமகன் ஆசைப்பட்டு அதற்கு எல்.ஈ.டி. பின்விளக்கு மாட்டிவிட்டிருந்தார். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்கும். நிற்கிறோமா திரும்புகிறோமா என்று வண்டிக்கே குழப்பம். பட்டறையின் மெக்கானிக் என் அண்ணன்தான். ஃபியூஸை மாற்றினான், ஃப்ளாஷரை மாற்றினான், விளக்கைக் கழற்றி ஊதிக்கூடப் பார்த்தான். அடுப்பு என்று நினைத்துவிட்டான் போல.

நான் டிக்கி ஓரத்தைப் பார்த்தேன். இரண்டு விளக்குக்கும் பொதுவான எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தது. துருவைத் தாண்ட முடியாத மின்சாரம் பக்கத்து விளக்கு வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும். அந்தக் கொசுறு மின்சாரத்துக்குப் பழைய பல்பு அசையாது, எல்.ஈ.டி.க்கு அதுவே விருந்து. சுரண்டி இறுக்கினேன். பத்து நிமிடம்.

"தம்பிக்கு என்ன கைராசி!" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார், எட்டிப் பார்க்க வந்த டெய்லர் அக்கா. அண்ணன் தலையைச் சொறிந்தான். அப்பா மறுத்துப் பேசவில்லை. அன்றுதான் பலகை விஷயத்தைக் கேட்டேன்.

மறுநாள் அக்கா வண்டியை எடுக்க வருவதற்குள் அதே போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். தண்டனை என்று நினைத்துவிட வேண்டாம். பரீட்சை. நான் பதினாறு வருடம் எழுதினேன். அண்ணன் ஒன்று எழுதக் கூடாதா?

வண்டி நாலு நாளில் திரும்பி வந்தது. அண்ணன் இரண்டு நாள் டிக்கிக்குள்ளேயே குடியிருந்தான். பாவமாக இருந்தது. அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் நானே இறுக்கிவிட்டேன். "கடைசியா ஒரு தட்டு தட்டினேன் பாருங்க, அதுல சரியாயிடுச்சு" என்று அக்காவிடம் சொன்னான். அவனுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். நீல நிறம். நன்றாகத்தான் இருந்தது.

அதனால் அடுத்த வினாத்தாளைக் கொஞ்சம் கடினமாக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் அக்கா ஆயில் மாற்ற வண்டியை விட்டிருந்தார். எர்த் முனைக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவே, மின்சாரம் கடத்தாத பச்சை டேப்பில் ஒரு துண்டை, பாதி மறைக்கிற மாதிரி வைத்தேன். நின்றால் விளக்கு எரியும், குலுங்கினால் அணையும். அண்ணன் நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்துப் பார்த்து, "பின்விளக்கு சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருந்தால் பாஸாகியிருப்பான். அக்கா கிளம்பியபோது வாசலில் நின்று கையசைத்தேன்.

சிக்னலில் அக்கா பிரேக் போட்டது பின்னால் வந்த வேனுக்குத் தெரியவில்லை. வேன் இடித்ததில் அக்காவின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. இடது கையால் பொத்தான் தைக்கப் பழகுகிறாராம். கெட்டிக்காரர், பழகிவிடுவார்.

நொறுங்கிய வண்டி பட்டறைக்கே வந்தது. பச்சை டேப் வைத்திருப்பவள் நான் மட்டும்தான்; அண்ணனுக்கு அது தெரியும். இதை மட்டும் உடனே கண்டுபிடித்துவிட்டான். "விடு பாப்பா, நான் கவனிக்கலன்னு சொல்லிடறேன். கையெழுத்து என்னோடதுதானே." அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை. "அவன் தாங்கிப்பான். நீ வாயைத் திறக்காதே."

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினார்: மெக்கானிக்கின் கவனக்குறைவு.

கவனக்குறைவாம். அத்தனை கவனமாகச் செய்த வேலை.

"சார், அதை அடிச்சிடுங்க. செஞ்சது நான்."

நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அண்ணனைக் காப்பாத்தப் பாக்கறியாம்மா? பாசம் இருக்க வேண்டியதுதான். ஆனா இந்த வயரிங் வேலையெல்லாம் உனக்கு எங்க தெரியப்போகுது?" பேனாவை மூடிவிட்டார்.

இப்படித்தான் ஆகும் என்று தெரிந்து, செய்த விதத்தை நாலு பக்கம் எழுதித் தயாராக வைத்திருந்தேன், சர்க்யூட் படத்தோடு. போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பதாக ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று. "பாப்பா, நில்லு, நானும் வரேன்" என்று அண்ணன் செருப்பைத் தேடினான். அவன் வந்தால் அவன் சொல்வதைத்தான் எழுதிக்கொள்வார்கள். நான் வாசலைத் தாண்டிவிட்டேன்.

எல்லாம் டெய்லர் அக்காவுக்காகத்தான். அவரைப் போய்ப் பார்க்கத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.