கேப்சூலுக்குள் ஒரு வண்டு

மாவைச் சலிக்காமல் விட்டது என் தவறுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று காலை கடையில் வாங்கிய புதுக் கோதுமை மாவு, அதில் போய் வண்டு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? நான் திருப்பிக் கொடுத்த கேப்சூல்களில் ஒன்றைத் திறந்தபோது அது உயிரோடு இருந்ததாகச் சொன்னீர்கள். எனக்கு வியப்பாக இருக்கிறது. அறுபத்து மூன்று நாள், மூடிய இடத்தில், தன் சாப்பாட்டின் மேலேயே படுத்துக்கொண்டு. யோசித்துப் பார்த்தால் வசதியான வாழ்க்கைதான்.

உட்காருங்கள் மேடம். குரலைத் தாழ்த்த வேண்டாம். ஜன்னலோர நாற்காலியில் இருப்பவள் என் மனைவி. தூங்கவில்லை. பார்க்கின்சன் நோயில் முகம் அப்படி ஆகிவிடும், இஸ்திரி போட்ட துணி மாதிரி. காது நன்றாகக் கேட்கும். நாம் பேசுவது எல்லாம் அவளுக்கும் விழுந்துகொண்டிருக்கிறது. எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது.

உங்கள் மருந்து ஆய்வு அலுவலகத்துக்குக் காரணம் எழுத்தில் வேண்டும் என்கிறீர்கள். நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வேகமாகப் போனால் நிறுத்துங்கள்.

நான் பஸ் டிப்போவில் முப்பத்தாறு வருடம் டைம் கீப்பர். வாசலோரம் ஒரு கூண்டு, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது, அவ்வளவுதான் வேலை. டிரைவர்கள் எனக்கு 'முள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கடிகார முள்ளைத்தான் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு டிரைவர் ஒரு நிமிடம் முன்னதாக வந்துவிட்டான். அவனை வாசலுக்கு வெளியே ஒரு நிமிடம் நிறுத்தி வைத்துத்தான் உள்ளே விட்டேன். வண்டியில் பிரசவ வலியெடுத்த பெண் ஒருத்தி இருந்தாளாம். ஒரு நிமிடத்தில் என்ன கெட்டுப்போகும்? குழந்தை வாசலிலேயே நன்றாகத்தான் பிறந்தது. அதை 'வாசல்' என்றே கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே இவள் வெளியே போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறேன். கடைக்குப் பத்து பத்துக்குப் போனாள், பத்து நாற்பத்திரண்டுக்கு வந்தாள். கடை எட்டு நிமிட நடை. மீதிப் பதினாறு நிமிடம் எங்கே என்று கேட்பேன், அவ்வளவுதான். அடித்தது கிடையாது. சத்தம் போட்டதுகூடக் கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், மனைவியை இவ்வளவு கவனித்த புருஷன் உண்டா என்றுதான் சொல்வார்கள். இவளுடைய அக்கா மட்டும் வேறு மாதிரிச் சொல்வாள். அவள் எதையும் வேறு மாதிரித்தான் சொல்வாள்.

இரண்டு தடவை இவள் அந்த அக்கா வீட்டுக்குப் போனதாகப் பதிவு இருக்கிறது. முதல் தடவை பதினொரு நாள். இரண்டாம் தடவை நான்கு. இரண்டு தடவையும் நானே போய் அழைத்து வந்தேன்.

பிறகு நோய் வந்தது. நான் வேண்டிக்கொள்ளவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். மூளையின் அடியில் ஏதோ கொஞ்சம் செல்கள் டோபமின் என்ற ஒரு சரக்கைத் தயாரிக்கின்றன, அந்தப் பட்டறை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். சரக்கு குறைந்தால் கால் நடுவழியில் நின்றுவிடும். தரையில் பசை போட்ட மாதிரி. வந்த பிறகு ஒன்று மட்டும் கவனித்தேன்: எங்கள் வீட்டில் கால அட்டவணை ஒரு நாளும் பிசகவில்லை. இவள் வெளியே போகும் நேரம் குறிக்கும் நோட்டில் மூன்று வருடமாகப் புதுப் பக்கம் புரட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

அப்போதுதான் உங்கள் புது மருந்துச் சோதனை வந்தது. நான் சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் இவளாகவே தலையாட்டிவிட்டாள். வழக்கமான மாத்திரையோடு, ஒரு நாளைக்கு மூன்று கேப்சூல். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு டம்மி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, அந்த விவரத்தை உறைக்குள் போட்டு ஒட்டியிருக்கும் என்றார்கள். வீட்டில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை நாட்குறிப்பில் ஒரு கட்டம் நிரப்ப வேண்டும்: இயக்கம், முடக்கம், உறக்கம். மேடம், அந்த நாட்குறிப்பைப் பார்த்தபோது ஓய்வு பெற்றதையே மறந்துவிட்டேன். இந்தச் சோதனையிலேயே சுத்தமான நாட்குறிப்பு என்னுடையதுதான் என்று உங்கள் நர்ஸ் சொல்லியிருக்கிறாள். ஒரு பொய்ப் பதிவு காட்ட முடியாது உங்களால்.

மூன்றாவது வாரத்தில் 'இயக்கம்' அதிகமாக ஆரம்பித்தது. நானே எழுதினேன். நடைப் பயிற்சி தரும் பிசியோ வந்து நாற்காலியிலிருந்து வாசல்வரை தரையில் மஞ்சள் பட்டைகள் ஒட்டிவிட்டுப் போனாள். கால் நின்றுவிட்டால் கோட்டைத் தாண்டுகிற மாதிரி நினைத்து எடுத்து வைக்க வேண்டுமாம். கோடு இல்லாத இடத்தில் பக்கத்தில் இருப்பவர் தன் காலைக் குறுக்கே நீட்டினாலும் போதுமாம். இவள் பட்டை பட்டையாகத் தாண்டி ஒரு நாள் வாசற்படியில் போய் நின்று தெருவைப் பார்த்தாள். நான்கு நிமிடம்.

அடுத்த தடவை புதுப் புட்டி வந்த அன்று மாவு வாங்கினேன். நூற்று எண்பத்தொன்பது கேப்சூல். செய்தித்தாள் விரித்து, காது குடையும் குச்சியின் பின்பக்கத்தால் மாவை அடைத்தேன். முதல் பத்து சரியாக வரவில்லை, பிறகு கை பழகிவிட்டது. உள்ளே இருந்ததைக் கழுவுதொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டேன். பழைய மாத்திரையைத் தொடவில்லை. அதை ஒரு நிமிடம் பிசகாமல் கொடுத்தேன், குறித்துக்கொள்ளுங்கள்.

இவள் இன்னும் நன்றாக நடந்தாள்.

எனக்கு அது புரியவேயில்லை. கோதுமை மாவைத் தின்றுவிட்டு மாடிப்படி ஏறுகிறாள். துணி காயப்போடுகிறாள். போனில் அக்காவோடு பேசுகிறாள், சிரிக்கிறாள். நான் உண்மையாகவே எழுதினேன்: இயக்கம், இயக்கம், இயக்கம். எழுத எழுத அறை சின்னதாகிக்கொண்டே வந்தது. கூண்டுக்குள் என்னைப் பூட்டிவிட்டு எல்லா வண்டியும் கிளம்பிப் போகிற மாதிரி.

விஷயத்தை விளக்கியது உங்கள் டாக்டர்தான். உடனிருப்பவர்களுக்கென்று ஒரு கூட்டம் வைத்தீர்களே, அதில் சொன்னார். "இந்த நோய்ல ஒரு வேடிக்கை பாருங்க. மருந்து சாப்பிடறோம், குணமாகும்னு நம்பினாலே போதும், மூளை அந்த டோபமினைக் கொஞ்சம் தானா சுரக்குது. ஸ்கேன்லயே தெரியுது. எங்களுக்குப் பெரிய தலைவலி." எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டேன்.

மாவு கொடுத்து நாற்பத்திரண்டு நாள் முடிந்த மறுநாள் காலை இவள் சூட்கேஸோடு ஹாலுக்கு வந்தாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேங்க. திரும்பி வர்றதா இல்ல."

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

"பத்து மணிக்கு டாக்சி. இதையும் நோட்டுல எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். டாக்சி வந்து ஹாரன் அடித்தது. இவள் ஒவ்வொரு பட்டையாகத் தாண்டினாள். கடைசிப் பட்டையில் கால் வைத்தபோது சொன்னேன். கோபமாக இல்லை, மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி.

"நீ முழுங்கினதெல்லாம் கோதுமை மாவு. நாப்பத்திரண்டு நாளா மருந்தே உள்ள போகல. நான்தான் மாத்தி வெச்சேன்."

ஒரே ஒரு உண்மை. இவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியவில்லை என்று நினைக்கிறேன். ஒரு கால் வாசற்படியில், ஒரு கால் உள்ளே, கையில் சூட்கேஸ். நான் டாக்சிக்காரனிடம் போய், "வரமுடியாத நிலைமைப்பா" என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் உண்மைதானே? திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினேன். பத்து: முடக்கம். பத்தரை: முடக்கம். பதினொன்று ஆனதும் எனக்கே பாவமாக இருந்தது. சூட்கேஸை வாங்கி வைத்துவிட்டு, இவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, பிசியோ சொன்னபடி என் காலைக் குறுக்கே நீட்டினேன். தாண்டினாள். நாற்காலிவரை அப்படியே நீட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே வர எந்தச் சிரமமும் இல்லை.

மறுநாள் பட்டைகளைப் பிடுங்கிவிட்டேன். வீடு பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பசைத் தடம்தான் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் பார்த்தேன். டாக்சி வந்த அன்றிலிருந்து இவள் அந்தக் கேப்சூலுக்கு மட்டும் வாய் திறப்பதில்லை. சாப்பிடாததைத் திருப்பித் தர வேண்டும் என்பது உங்கள் விதி. இருபத்தொரு நாள், அறுபத்து மூன்று கேப்சூல், எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். வேறொருவனாக இருந்தால் குப்பையில் போட்டிருப்பான், வண்டும் வெளியே வந்திருக்காது. விதியை மதித்ததால்தான் இன்று நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் இவளுக்குப் பதில் நான்தான் பேசினேன். இவள் குரல் இப்போது நமக்குக் கேட்காது.

இப்போது நீங்களே உறையைக் கிழித்துப் பார்த்துவிட்டீர்கள். இவள் டம்மிக் கூட்டம். முதல் நாளிலிருந்தே. ஆக நான் கழுவுதொட்டியில் கொட்டியதும் மாவு மாதிரி ஒன்று, அடைத்ததும் மாவு. என்ன குற்றம் எழுதுவீர்கள் மேடம்? வண்டு ஒன்று அதிகப்படி.

நீங்கள் ஏன் எழுந்து அவளிடம் போகிறீர்கள்? அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

"அம்மா, கேட்டீங்களா? ஆரம்பத்துலேர்ந்தே உள்ள மருந்து கிடையாது. அவர் எதையும் எடுத்துடல. நடந்தது முழுக்க நீங்கதாம்மா."

இதெல்லாம் நோயாளியிடம் சொல்லக்கூடிய விஷயமா? அவளுக்கு இங்கே என்ன குறை? மூன்று வாரத்தில் ஒரு தடவையாவது போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாளா? என்னோடு இருக்கத்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறது.

கை நடுக்கம்தான் அது. நாற்காலிப் பிடியை அழுத்துவதுபோல் தெரியும். எழுந்து நிற்கிறாள், நீங்கள் பிடிக்காதீர்கள், எனக்கு முறை தெரியும். இதோ, காலைக் குறுக்கே நீட்டிவிட்டேன்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க."

உங்களைத்தான் சொல்கிறாள் மேடம். தள்ளிக்கொள்ளுங்கள்.

தாண்டிவிட்டாள். நாற்காலி இந்தப் பக்கம் இருக்கிறது, பாவம், அவளுக்குத் திசை தெரியவில்லை. அந்தப் பசைத் தடத்தை அன்றே சுரண்டியிருக்க வேண்டும். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கால் வைத்துவிட்டாள்.

மணி நான்கரை. பதிவு நேரம். அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்கள்.

நான்கரை: முடக்கம். எழுதிவிட்டேன். நீங்களும் உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், முப்பத்தாறு வருடத்தில் இந்தக் கை ஒரு பொய்ப் பதிவு போட்டதில்லை.