குழாயடிக்கு வந்த டிப்பர்

பெயர்: ஆதம்பாவா உம்மு குல்தூம்
வயது: 41
தொழில்: கைத்தறி நெசவு
முகவரி: வாவிக்கரைத் தற்காலிக முகாம், காத்தான்குடி
திகதி: 2005 செப்டெம்பர் 14

நான் மேற்படி முகாமில் என் தங்கை சபூராவுடன் வசித்து வருகின்றேன். கடந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அன்று வீட்டையும் தறியையும் சபூராவின் கணவரையும் இழந்தோம்.

முகாமுக்குப் பின்னால் புதிய வீடுகள் கட்டப்படுவதால் மணல் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று எங்கள் குழாயடியைக் கடந்து போய்வரும். கடந்த மாதம் அது பிறேக் பிடிக்காமல் பின்னால் உருண்டு, சட்டி கழுவிக்கொண்டிருந்த சபூராவின் வலது காலில் ஏறியது. சட்டி தகடாகிவிட்டது. கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அவள் இன்னும் ஆசுபத்திரியில் இருக்கின்றாள்.

அதன் பின்னர் டிப்பர் சில நாள் வரவில்லை. நேற்றுக் காலை அதே டிப்பர் மணலுடன் மீண்டும் வந்தது. நானும் முகாமிலுள்ள பெண்களும் பாதையை மறித்தோம். நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் சாரதி அப்துல் மஜீத் இறங்கி வந்து, பிறேக்கை இன்னும் யாரும் திருத்தவில்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதன் பின்னர் வீடு கட்டும் ஒப்பந்தக்காரர் வாகனப் பரிசோதகர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் டிப்பரைச் சுற்றி வந்து, விளக்குகளைப் போட்டுப் பார்த்து, ஒரு டயரை உதைத்துவிட்டு, வண்டி ஓடத் தகுந்தது என்றார். அடியில் குனிந்து பார்க்கவில்லை. ஓட்டியும் பார்க்கவில்லை.

அதன் பின்னர் நான் அவரிடம், "அப்ப நீங்க அந்தக் குழாயடியில நில்லுங்க சேர். காக்கா மணலோட பின்னுக்கு எடுத்து பிறேக் அடிக்கட்டும்" என்று கூறினேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், தனக்கு வேறு வேலை உண்டென்று காரில் ஏறிப் போய்விட்டார். ஒப்பந்தக்காரர் வண்டியை எடுக்குமாறு மஜீத் காக்காவிடம் சத்தமிட்டார். காக்கா, "என்னால ஏலா" என்று நின்றார். அதன் பின்னர் ஒப்பந்தக்காரர் தானே ஓட்டுவதற்கு வந்தார். அவருக்கு முன்னர் நான் ஏறி, வண்டியை இயக்கும் திறப்பை உருவிக்கொண்டு இறங்கினேன். பெண்கள் அவருக்கு வழிவிடவில்லை. நான் ஓடவில்லை. நடந்து போய்த் திறப்பை வாவியில் எறிந்தேன்.

டிப்பர் மணலோடு அங்கேயே நிற்கின்றது. மஜீத் காக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கு மட்டும் வருந்துகின்றேன்.

திறப்பு கைதவறி விழுந்தது என்று சொன்னால் வழக்கில்லாமல் வீட்டுக்குப் போகலாம் என்று இதை எழுதும் பொலிஸ் சார்ஜன்ட் யோகராசா கூறினார். போவதற்கு எனக்கு வீடு இல்லை என்றேன். பிறேக்கைத் திருத்தாமல் வேறு திறப்போடு வந்தால் அதையும் எறிவேன் என்றும் கூறினேன்.

மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. "வாவியில் விழுந்தது" என்று எழுதப்பட்டிருந்ததை "எறிந்தேன்" என்று திருத்திய பின்னர், அனைத்தும் உண்மையென ஏற்று ஒப்பமிடுகின்றேன்.

(ஒப்பம்) ஆ. உம்மு குல்தூம்