செம்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே

அவைக்குத் தலைமை ஏற்று, இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! இந்தச் சோதனைக்கூடத்தை இத்தனை ஆண்டு தோளில் சுமந்த மூத்தோரே! பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உலோகப் பேச்சைக் கேட்க வந்த தாய்மார்களே! முன்வரிசையில் விருதுக்குரியவராய் வீற்றிருக்கும் என் சகலையே! அனைவருக்கும் வணக்கம்.

என் மனைவியின் தங்கையை மணந்தவரைப் பாராட்ட என்னை அழைத்திருக்கிறார்கள். பாராட்டுகிறேன். ஆனால் வயிறு எரிகிறது. சிரிக்காதீர்கள், மெய்யாகவே எரிகிறது!

செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்த மின்கம்பி இணைப்புகள் ஏன் உடைகின்றன என்று ஒரு தொழிற்சாலை நம்மிடம் கேட்டது. உடைந்தவற்றை வெட்டித் தேய்த்து மெருகேற்றுவது என் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளில், முகம் பார்க்க முடியாத ஒரு துண்டு என் மேசையைத் தாண்டியதுண்டா? அன்று நுண்ணோக்கியில் பார்த்தேன். இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஒரு சாம்பல் கோடு. அழுக்கு என்று நினைத்தேன். தேய்த்தேன், போகவில்லை. மீண்டும் தேய்த்தேன், போகவில்லை. போகாத அழுக்கைக் கௌரவக்காரன் என்ன செய்வான்? துண்டுகளைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு, சூடே படாத புத்தம்புது இணைப்பை வெட்டிப் பளபளவென்று அனுப்பிவைத்தான்!

அந்தப் பெட்டியைக் கிளறினார் இதே கூடத்தில் வேலை பார்க்கும் சகலை. "அண்ணா, எல்லாத் துண்டுலயும் கோடு ஒரே இடத்துல இருக்கே, அழுக்குன்னா இப்படியா இருக்கும்?" என்றார். வேலையைப் பாருங்கள் என்று விரட்டினேன். மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகுமே, அதே போலச் சூடேற்ற அவர் புது இணைப்புகளை உலையில் வைத்தார். வாரத்துக்கு ஒன்றாக எடுத்துப் பார்த்தார். கோடு தடித்தது, மேலும் தடித்தது! உருகாமல், அசையாமல் கிடந்த திடப்பொருளுக்குள்ளே செம்பின் அணு அந்தப் பக்கம் நடந்தது, அலுமினியத்தின் அணு இந்தப் பக்கம் நடந்தது. இரண்டும் கூடிய இடத்தில் மூன்றாவதாக ஒன்று பிறந்தது, தட்டினால் நொறுங்கும் பொருள். கம்பிகள் உடைந்தது அதனால்தான். முதலில் கண்டவர் யார்? நான்! கண்டுகொண்டவர் யார்? அவர்!

பின்வரிசையில் யாரோ பொறாமைப்படாதீர்கள் என்கிறார். ஐயா, படாமலா? மாமனார் வீட்டில் நாற்காலி முதலில் அவருக்குத்தான். தங்கச்சி வீட்டுக்காரரைப் பாருங்கள் என்று என் மனைவி சொல்லாத நாளில்லை.

இனி எவரும் அறியாததைச் சொல்கிறேன். கூடத்துப் பொருளைத் திருடினார் என்று இவர்மேல் இயக்குநருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனதே! ஓராண்டு விசாரணை நடந்ததே! அதுவரை இவர் ஆய்வு இழுப்பறையில் தூங்க, வெளியே இணைப்புகள் உடைந்துகொண்டே இருந்தனவே! அதை எழுதியவன் யார்? நான்தான். விசாரணை முடிந்து அவர் எழுதிய ஆய்வறிக்கையில், கோட்டைக் கண்டவன் என்று என் பெயர் முதலில் இருந்தது. வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்டேன். இந்த ஒலிபெருக்கியிலேயே கேட்கிறேன், சகலை, மன்னித்துவிடுங்கள்.

அவர் எழுந்து சொல்வது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. "தெரியும் அண்ணா. உங்க பேரை எழுதுறப்பவே தெரியும்" என்கிறார்.

தெரிந்துமா எழுதினீர்கள்?

பெரியோர்களே, தாய்மார்களே, இதுவரை இவர் விருதைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். இப்போது இந்த மனசைப் பார்த்துப் படுகிறேன், முன்னைவிட அதிகமாய் எரிகிறது. பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. கைதட்டுவதானால் அவர் பக்கம் திரும்பித் தட்டுங்கள். வணக்கம்.