நீயே மோந்து சொல்லு

இல்ல எலிசியோ, நீயே மோந்து சொல்லு. யோவ், சைலன்சர்ல போயி மூஞ்சிய வெக்காத! தள்ளி நின்னு கையால விசிறிப் பாரு. என்னா வாசம் வருது?

புகை வெள்ளையா வருதுன்றத நானும்தான் பாக்குறேன். காலைக் குளிருல நம்ம இஸ்தபலாபா ஏரியாவுல ஓடற அத்தனை வண்டியும் வெள்ளையாத்தான் விடும். வாசம்தான் கணக்கு. இனிச்சாப்ல இருந்தா ஹெட் கேஸ்கட் போச்சு, ரேடியேட்டர் தண்ணி இன்ஜினுக்குள்ள இறங்குது. அப்புறம் இந்தக் கிழட்டு வேன் இங்கயேதான் படுத்துக் கெடக்கும். நீ செண்டுமல்லியத் தலையில சொமந்துக்கிட்டுத்தான் சந்தைக்குப் போவணும்.

பெட்ரோலா? நல்லாத் தெரியுதா? அப்பாடா, பொழச்ச போ. கார்புரேட்டர்ல பெட்ரோல் ஜாஸ்தியா இறங்குது, அவ்ளோதான். ஏர் ஃபில்டரும் அடைச்சிருக்கும். கழட்டிச் சுத்தம் பண்ணித் தரேன். நாளைக்குப் புகை டெஸ்டுல பாஸாயிடும். கல்லறைத் திருநாள் யாவாரம் கெடாது.

ஏன் உன்னைய மோக்கச் சொன்னேனா? எனக்குத் தெரியலய்யா. ஒண்ணுமே தெரியல. எம் புருசன் நிக்கானோருக்கும் எனக்கும் ஒரே காய்ச்சல்தானே வந்துச்சு. அவரு போயிட்டாரு. போறப்ப என் மூக்கையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு. வர்றவங்க கிட்டல்லாம் இப்பிடித்தான், நீ மோந்து பாரு, நீ மோந்து பாருன்னு சமாளிச்சுக்கிட்டு இருக்கேன். முன்னல்லாம் வண்டி தெருமுனை திரும்பும்போதே என்ன கோளாறுன்னு சொல்லிடுவேன். அவரு அதுக்கே என்னைய வேட்டைநாய்ம்பாரு. போன ஞாயித்துக்கிழமை அவருக்குப் படைக்க மோலே குழம்பு கிண்டுறேன், அடிப்பிடிச்சுக் கருகுது, பக்கத்து வீட்டு ஒஃபேலியா ஓடி வந்து அடுப்ப அணைக்குறா. அழுகையே வந்துடுச்சு.

பூவா? வேணாம், சும்மா குடுக்கப் பூக்கட்ட எடுக்காத, பணம் குடுத்து வாங்கிக்கிறேன். செத்தவங்க இந்தச் செண்டுமல்லி வாசத்தப் பிடிச்சுத்தான் வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பாங்களாம். அவரு வந்துடுவாரு, அந்தக் கவலையில்ல. வந்து நின்னாலும் எனக்குத் தெரியாதே, அதான்.

இரு, போயிடாத. இன்னொண்ணு இருக்கு. கைய மட்டும் தொடச்சுக்க.

இது அவரு சட்டை. கடைசியாக் கழட்டிப் போட்டது. நாத்தனா வந்ததுலேருந்து துவைக்கணும் துவைக்கணும்னு நிக்குறா. நான்தான் பையில கட்டி ஒளிச்சு வெச்சிருக்கேன். நெதம் எடுத்து மூஞ்சில வெச்சுப் பாக்குறேன், வெறும் துணி. நீதானே ஞாயித்துக்கிழமையானா அவரு தோள உரசிக்கிட்டு டோமினோ ஆடுவ. உனக்குத் தெரியும். இருக்காரா பாரு. கழுத்துப்பட்டைல பாரு. இல்லன்னா இல்லன்னு சொல்லிடு, துவைக்கப் போட்டுடறேன்.

எலிசியோ?

அட, அழாதய்யா. சரி, சரி. இருக்காரா... இருக்காருல்ல?

போதும், குடு இப்பிடி. வாசத்த இழுத்தது போதும்யா. என் மூக்கு திரும்பி வர்ற வரைக்கும் எனக்குக் கொஞ்சம் மிச்சம் வேணும்.